வண்டி யார் பேரில்?

1

வாடகைக்கு ஒரு சின்னக் கார். அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியிருந்தது. பெருநாள் விடுமுறை ஐந்து நாள், ஜார்ஜியா, நான்கு பேர், இரண்டு பெட்டி. வளைகுடா நாடுகளில் குடியிருப்பு விசா வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனி விசா தேவையில்லை. அதனால் ஷார்ஜாவில் எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் அங்கே போய்ப் பனியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். மீதிப் பேரில் நாங்களும் அடக்கம். இனிமேல் தட்டிக்கழிக்க முடியாது என்று என் மகன் இர்ஃபான் அறிவித்துவிட்டான்.

டிக்கெட் எடுக்க அரை மணி நேரம் ஆனது. காருக்கு மூன்று வாரம்.

இணையதளத்தில் அழகாக ஒரு கார் படம் போடுகிறார்கள். இதுதான், முடிந்தது என்று நினைத்தால் கீழே எறும்பு எழுத்தில் 'அல்லது இதுபோன்ற வேறொரு வண்டி' என்று இருக்கிறது. இதுபோன்ற என்றால் எதுபோன்ற? கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரைப் போட்டுப் பக்கத்தில் 'அல்லது இவர் போன்ற வேறொருவர்' என்று அச்சடித்தால் நம்மூரில் பெண் வீட்டார் சும்மா விடுவார்களா? படத்துக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டி வரைந்திருந்தார்கள். அது யாருடைய பெட்டி? விருத்தாசலத்துக்குப் போக நாங்கள் கட்டுகிற பெட்டியை அந்தப் படம் வரைந்தவர் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். கியர் வண்டியா, கியர் இல்லாததா? காப்பீடு பாதியா, முழுசா? டயரும் கண்ணாடியும் முழுக் காப்பீட்டில் சேராதாம். டயரும் கண்ணாடியும் சேராத முழுசு எப்படி முழுசாகும் என்று கேட்க அங்கே ஆளில்லை. உதவிக்கு வந்த எந்திரம், 'உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை' என்று எட்டு முறை மரியாதையாகச் சொன்னது.

மகள் ரிஃபாவுக்கு எந்த வண்டியானாலும் சரி. இர்ஃபானுக்குப் பதினைந்து வயது. அவனுக்கு மலையேறும் பெரிய வண்டிதான் வேண்டும். சின்னக் காரில் போனால் ஜோக்கர் மாதிரி இருக்கும் என்றான், ஆங்கிலத்தில். தமிழில் அவன் என்னிடம் பேசுவது சோறு கேட்கும்போது மட்டும்தான்.

"ஓட்டப்போறது நானு. சின்னதே போதும்," என்றாள் ஷமீமா. "மலையில எதிர்ல லாரி வந்தா ஒதுங்கணும். உன் ஃபிரண்டுக்குக் காட்டறதுக்கா வண்டி எடுக்கறோம்?"

ஷமீமா என் மனைவி. பெண்ணாடத்துப் பெண். இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது அவள்தான். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினொரு வருஷம் ஆகியிருக்கிறது.

2

விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு நான் துபாய் லைசென்ஸ் எடுத்தவன். ஷார்ஜா, துபாய் எல்லாம் ஊரில் ஒரே பேர்தான். இங்கே இருப்பவர்களுக்கு நான் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுகிறவன்.

என் அத்தா பீங்கான் கம்பெனிகளுக்கு டெம்போ ஓட்டினார். ஃபியூஸ் கட்டை, ஜாடி, பொம்மை என்று வைக்கோல் பொதிந்து ஏற்றி, வேப்பூர் போய் நெடுஞ்சாலை பிடித்து, சேலம், மதுரை, சில சமயம் கேரளா வரை போவார். அவர் வண்டியில் ஏறிய சரக்கு உடையாது என்று பேர். சூளைக்காரர்கள் மற்ற வண்டிகளை நிற்க வைத்துவிட்டு அவர் வரட்டும் என்று காத்திருப்பார்கள். என்னை மட்டும் ஸ்டீரிங் பக்கமே விடமாட்டார். "நீ படிச்சி ஆபீசுல குந்து. இது என்னோட போவட்டும்," என்பார். நானும் படித்தேன். ஆபீசில் உட்கார்ந்தேன்.

நான் இங்கே வந்த பிறகு அவரே மாறிவிட்டார். வாரா வாரம் போனில் ஒரே கேள்வி. "லைசென்ஸு என்னாடா ஆச்சு?"

வளைகுடா லைசென்ஸைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. டிகிரி வாங்கிவிடலாம். இதை வாங்க முடியாது. முதல் தடவை பின்னால் எடுக்கும்போது கோட்டைத் தொட்டேன். இரண்டாவது தடவை கண்ணாடி பார்க்கவில்லை என்றார்கள். பார்த்தேன், ஆனால் நான் பார்த்ததை அதிகாரி பார்க்கவில்லை. அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒரே காரணம்தான் எழுதிக் கொடுத்தார்கள்: தயக்கம். ரவுண்டானாவில் எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். எல்லோரும் போய் முடிவதே இல்லை. பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஏழாவது தடவையும் தோற்று வெளியே வந்து வெயிலில் நின்றபோது அத்தா போன் செய்தார். "ஆச்சாடா?" என்றார். "ஆச்சு அத்தா," என்று சொல்லிவிட்டேன். அடுத்த தடவை பாஸாகிவிடலாம், அப்போது அது உண்மையாகிவிடும் என்பது என் கணக்கு. எட்டாவது தடவையும் தயக்கம். அதற்குள் அவர் டெம்போ ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருஷம் ஷமீமா இரண்டாவது தடவையிலேயே பாஸானாள். வண்டி வாங்கினோம், அவள் பேரில். அத்தா படம் அனுப்பச் சொன்னார். ஷமீமா ஓட்டுகிற சீட்டிலிருந்து இறங்கினாள். நான் ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கைப் பிடித்தேன். அவள் சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். ஒரு தடவை செய்ததல்ல இது. ஒவ்வொரு பெருநாளும், ஒவ்வொரு புது வண்டியும். ஊருக்குப் போனால், "நம்மூர் ரோட்டுல பழக்கமே இல்ல அத்தா," என்று டிரைவர் வைத்துக்கொள்வேன். அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

அவள் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. இறங்குவாள், ஏறுவாள். கதவை மூடும் சத்தம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனது.

3

முன்பதிவுப் படிவத்தில் 'ஓட்டுநர் பெயர்' என்று ஒரு கட்டம் வந்தது. ஷமீமா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தன் பேரை அடித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தத் தடவை நான் எறங்க மாட்டேன்."

"எங்கே?"

"எங்கேயும். போட்டோவுக்கும் எறங்க மாட்டேன், போனுக்கும் எறங்க மாட்டேன். மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நாம திரும்பி வர்றதுக்குள்ள."

"பெருநாள் நேரத்துல எதுக்கு…"

"எப்பவும் ஏதாவது நேரம்தான். ரிஃபாவுக்குப் பத்து வயசாவுது. போன பெருநாள்ல என்னா கேட்டா தெரியுமா? 'போட்டோ எடுக்கும்போது மட்டும் அத்தாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா'ன்னு கேட்டா. நான் என்னா பதில் சொல்லட்டும்?"

சொல்லிவிடுகிறேன் என்றேன். எப்போது என்று கேட்டாள். போனதும் என்றேன்.

4

திபிலீசி விமான நிலையத்தில் கார் வாடகைக் கவுண்டரில் இருந்த இளைஞன் சிரித்துக்கொண்டே இருந்தான். ஷமீமா லைசென்ஸைக் கொடுத்தாள். நான் கடன் அட்டையைக் கொடுத்தேன். அவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். சிரிப்புக் குறையவில்லை.

ஓட்டுபவர் பேரும் அட்டையில் இருக்கும் பேரும் ஒன்றாக இருக்க வேண்டுமாம். அட்டை என் பேரில். லைசென்ஸ் அவள் பேரில்.

"இவர் என் மனைவி," என்றேன்.

வாழ்த்துச் சொன்னான். ஆனால் வண்டி கிடையாது.

திருமணச் சான்றிதழைக் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு பாஸ்போர்ட்டிலும் கணவன், மனைவி பேர் அச்சாகியிருப்பதைக் காட்டினேன். ஷமீமா தன் சம்பள அட்டையைக் காட்டினாள். அது கடன் அட்டை இல்லை, செல்லாது. அவன் கடைசியில் கருணையோடு ஒரு வழி சொன்னான்: "பிரச்சினையே இல்லை சார். உங்கள் லைசென்ஸைக் கொடுங்கள். நீங்கள் முதல் ஓட்டுநர், அவர் இரண்டாவது ஓட்டுநர். இரண்டு நிமிட வேலை."

பின்னால் வரிசை நின்றது. அதில் நம்ம தமிழ் ஆட்கள் இரண்டு குடும்பம். இர்ஃபான் காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தான்.

"எனக்கு லைசென்ஸ் இல்லை," என்றேன்.

"மறந்து வைத்துவிட்டீர்களா?"

"இல்லை. கிடையாது."

பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாக்கியத்தைச் சத்தமாகச் சொன்னேன். அதுவும் பெயர் தெரியாத ஒருத்தனிடம், ஆங்கிலத்தில். அவன் ஒன்றும் ஆகாதது போல, "அப்படியானால் மன்னிக்கவும்," என்றான். முன்பதிவை ரத்து செய்தான். மூன்று வாரம் நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த அந்தச் சின்ன வெள்ளைக் கார் வேறு யாருக்கோ போயிற்று.

5

தங்கும் விடுதிக்காரர் ஒரு பெண்மணியிடம் அனுப்பினார். தகரக் கொட்டகை, ஏழெட்டுப் பழைய வண்டிகள். அங்கே அட்டை எல்லாம் கேட்க மாட்டார்களாம். பேர் என்ன என்று கேட்டேன். "நானா," என்றார். ஆமாம், நீங்கள்தான் என்று கையைக் காட்டினேன். "நானா," என்றார் மறுபடியும். ரிஃபாதான் புரிந்துகொண்டு சிரித்தாள். அவர் பேரே நானா.

நானா ஷமீமாவின் லைசென்ஸை மட்டும் வாங்கிப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மஞ்சள் காரைக் காட்டினார். இரண்டு பெட்டியில் ஒன்று பின்னால் போனது. இன்னொன்று பிள்ளைகளுக்கு நடுவில் மூன்றாவது பிள்ளையாக உட்கார்ந்தது. இர்ஃபான் முழங்காலை மோவாய் வரை மடித்துக்கொண்டு என்னை முறைத்தான்.

ஷமீமா வழக்கம்போல இடது பக்கக் கதவைத் திறந்தாள். ஸ்டீரிங் இல்லை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி. ஸ்டீரிங் நம்மூர் மாதிரி வலது பக்கம். சாலையோ வளைகுடா மாதிரி, வலது ஓரமாகப் போக வேண்டும். இந்த ஊரில் இப்படி நிறைய வண்டி ஓடுகிறதாம். நானா கையால் நடித்துக் காட்டிய செய்தி இதுதான்: முன்னால் லாரி போனால் ஓட்டுபவருக்கு எதிர்ப்பக்கம் தெரியாது. இடது பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்து, போகலாமா வேண்டாமா என்று சொல்ல வேண்டும்.

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். ஷமீமாவும் பார்த்தாள்.

"வேற வண்டி இல்லையா?" என்றேன்.

இல்லை.

6

வடக்கே மலைக்குப் போகிற சாலையில் லாரி, லாரி, லாரி. வெளிநாட்டு எண் போட்ட நீள லாரிகள், ஆமை வேகத்தில். ஒரே ஒரு வழி போக, ஒரே ஒரு வழி வர.

"போலாமா?" என்பாள் ஷமீமா.

நான் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்ப்பேன். தூரத்தில் ஏதோ வருவது போல இருக்கும். "வேணாம்."

"இப்ப?"

"வேணாம்."

"என்னங்க, ஒண்ணுமே வரலயே, எனக்கே லேசா தெரியுதே."

"வளைவு இருக்குது. வேணாம்."

ஒரே லாரியின் பின்னால் ஒரு மணி நேரம் போனோம். அதன் பின்கதவில் ஒட்டியிருந்த சேறுகூட எனக்கு மனப்பாடம். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், தாண்டும்போது கையை ஆட்டித் திட்டினார்கள். புகை உள்ளே வந்தது. இர்ஃபான் பெருமூச்சு விட்டான். ஷமீமாவின் தாடை இறுகுவதை நான் பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போதுதான் போன். வீடியோ அழைப்பு. ரிஃபா எடுத்துவிட்டாள்.

"தாத்தா! நாங்க மலையில போறோம். அம்மா வண்டி நடத்துறாங்க!" பள்ளியில் இந்தியும் வீட்டில் தமிழும் கலந்து இவள் பேசும் தமிழில் வண்டிகூட நடக்கும். சொல்லிவிட்டு போனை என் கையில் திணித்தாள்.

திரையில் அத்தா. பின்னால் வீட்டுக் கூடம், பெருநாள் சட்டை. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"ஏன்டா, ஸ்டீரிங்கு அந்தப் பக்கம் இருக்குது?"

"ஆமா அத்தா. நம்மூர் வண்டி மாதிரி."

"அப்ப நீ எதுக்கு இந்தப் பக்கம் குந்தியிருக்க?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எனக்குக் கால் வலி, கொஞ்ச நேரம் அவள் பிடித்திருக்கிறாள், இப்போதுதான் கற்றுக்கொடுக்கிறேன். எதைச் சொன்னாலும் நம்பியிருப்பார். ஷமீமா திரும்பவில்லை. அவள் கண் சாலையில் இருந்தது. ஆனால் காது முழுக்க என் பக்கம் இருந்தது.

"எனக்கு ஓட்டத் தெரியாது அத்தா. லைசென்ஸே கெடையாது. எட்டுத் தடவ போனேன், குடுக்கல. ஷமீமாதான் ஓட்டுறா. எப்பவும் அவதான்."

சூளையில் வேலை பார்த்தவர்களுக்கு மத்தியிலேயே இருந்ததால் அத்தா சாதாரணமாகவே சத்தமாகப் பேசுவார்.

"எத்தினி வருசமா?" என்றார் மெதுவாக.

"ஆரம்பத்துலேர்ந்தே."

"அப்ப அந்த போட்டோல்லாம்?"

"அவ எறங்கி அந்தப் பக்கம் போவா. நான் ஏறி உக்காந்துக்குவேன்."

"லைசென்ஸு வரலன்றது ஒரு குத்தமாடா? எத்தினியோ பேருக்கு வராது. எனக்குப் படிப்பு வரல." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஓட்டிக்கிட்டு இருக்கிற மனுசிய எறக்கி வுட்டுட்டு அந்த சீட்டுல ஏறிக் குந்தியிருக்க பாரு. அதுக்கு எப்பிடிடா ஒனக்கு மனசு வந்துது? நான் ஓட்டின வண்டியில மொதலாளிகூட அப்பிடி செஞ்சதில்ல."

போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட போன குடு."

"ஓட்டறா அத்தா."

"ஓட்டறப்ப குடுக்காத. வண்டிய நிறுத்தினப்பறம் பேசச் சொல்லு." வைத்துவிட்டார்.

போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காது சுட்டது.

"என்னங்க," என்றாள் ஷமீமா. "முன்னால பாருங்க. போலாமா?"

கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தேன். சாலை அடுத்த வளைவு வரைக்கும் காலியாக இருந்தது. வளைவு தூரத்தில் இருந்தது. நிஜமாகவே தூரத்தில்.

"போ," என்றேன்.

அந்த நத்தை வண்டி கத்திக்கொண்டே லாரியைத் தாண்டியது. இர்ஃபான் பின்னாலிருந்து என் தோளைத் தட்டி, "சூப்பர் அத்தா," என்றான். தமிழிலா ஆங்கிலத்திலா என்று சொல்ல முடியாத இரண்டு சொல்.

மேலே ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தியதும் ஷமீமா போனை எடுத்துக்கொண்டு தனியாகப் போனாள். "மாமா," என்று ஆரம்பித்தது மட்டும்தான் கேட்டது. அரை மணி நேரம் பேசினாள். நடுவில் ஒரு தடவை துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள், இரண்டு தடவை சிரித்தாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"வண்டி விசயம்," என்றாள்.

7

அதற்குப் பிறகு இரண்டு மாதம் அத்தா என்னிடம், "நல்லாருக்கியா? சரி, ஷமீமாகிட்ட குடு," என்பதற்கு மேல் பேசவில்லை. நான் கெஞ்சினேன், கோபித்தேன், ஒரு வாரம் போன் செய்யாமல் இருந்து பார்த்தேன். அந்த ஒரு வாரமும் அவர் அவளிடம் தினமும் பேசியிருக்கிறார்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனோம். சென்னையிலிருந்து ரயில். காலையில் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கினால் அத்தா நின்றுகொண்டிருந்தார். டிரைவர் யாரும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் தெரிந்தவரிடம் பத்து நாளைக்கு வாடகைக்குப் பேசி, எழுபத்து நான்கு வயதில் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு சின்னக் கார்.

நான் ஸலாம் சொன்னேன். பதில் சொன்னார். கையை நீட்டினேன். சாவி என் கையைத் தாண்டிப் போனது.

"இந்தாம்மா. கிளச்சு கொஞ்சம் கெட்டியா இருக்குது, பாத்துக்க."

"மாமா, இங்கியா? எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும்னுதான எடுத்தாந்தேன்."

ஷமீமா பல வருஷம் கழித்து கிளச்சில் கால் வைக்கிறாள். இந்தியாவில் ஓட்டுவதற்கு வேண்டிய சர்வதேச அனுமதிச்சீட்டை அவள் முந்தின வாரமே எடுத்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாமனாரும் மருமகளும் திட்டம் போட்டிருக்கிறார்கள். அத்தா முன்சீட்டில் உட்காரவில்லை. பேரனை முன்னால் உட்காரச் சொல்லிவிட்டு, ரிஃபாவோடு பின்னால் ஏறிக்கொண்டார். மீதி இடத்தில் ஒரு பெட்டி. கீழே நானும் மூன்று பெட்டியும்.

"அத்தா, நான்?"

ஆட்டோ ஸ்டாண்டைக் கைகாட்டினார். "சாமான எடுத்துக்கிட்டு பின்னால வா."

சொந்த ஊரில், சொந்தக் குடும்பம் காரில் போக, நான் மூன்று பெட்டியோடு ஆட்டோவில். வெயில் அப்போதே ஏறியிருந்தது. ஒரு பெட்டி மடியில். முன்னால் கார் இரண்டு தடவை குலுங்கி நின்று, மூன்றாவது தடவை கிளம்பியது. சாலையோரக் கடைகளில் இரண்டொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், முன்னால போற வண்டிய யாரு ஓட்டறது? லேடீசு மாதிரி இருக்குது," என்றார் ஆட்டோக்காரர்.

"என் வூட்டுக்காரம்மா."

"நீங்க ஓட்ட மாட்டீங்களா?"

"எனக்கு வராதுங்க."

அவர் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். பாலக்கரையில் கடலூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு குறுக்கே வந்தது. முன்னால் போன கார் ஓரம் ஒதுங்கி நின்றது. பஸ்ஸைப் போகவிட்டு, இடம் பார்த்து, அவசரமில்லாமல் திரும்பியது.

"நல்லாத்தான் ஓட்டறாங்க," என்றார் ஆட்டோக்காரர்.

"ஆமாங்க," என்றேன், பெட்டியைப் பிடித்துக்கொண்டு.